பொட்டலமும் மாத்திரையும்

அவரைப் பற்றி யாராவது கேட்டால், நல்ல மனுஷன் என்று வாய் உடனே சொல்லிவிடுகிறது. சொல்லி முடித்த பிறகு மனசு முரண்டு பிடிக்கும். நல்லவர்தானா? இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இது பிடிபடவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமா, பாசமா என்பதும் அப்படித்தான். எழுதினாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

தென்னாற்காடு மாவட்டம் பிரியாமல் ஒன்றாக இருந்த எண்பதுகள். விழுப்புரம் – திண்டிவனம் தடத்தில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். நாலு வருஷம் ஒரே வண்டியில் ஓடினோம். ஐம்பதை நெருங்கிய, கொஞ்சம் பருத்த ஆள். காக்கிச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரைக்கும் போட்டிருப்பார். ஹாரன் அடிக்கவே சங்கடப்படுவார். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற மாட்டுவண்டி முன்னால் மாட்டிக்கொண்டால் போதும், அதன் பின்னாலேயே அன்னநடை போட்டுக்கொண்டு வருவார். நான் பின்னாலிருந்து விசில் ஊதி ஊதி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மாட்டேன் என்கிற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. வழியில் யார் கை காட்டினாலும் நிறுத்துவார். ஸ்டாப்பிங்கா இல்லையா என்கிற பேச்சே கிடையாது. ஜக்காம்பேட்டையிலிருந்து கூட்டேரிப்பட்டு வருவதற்குள் ஏழு இடத்தில் நிறுத்தி நான் எண்ணியிருக்கிறேன். ஒருமுறை வயலில் நின்று யாரையோ கையசைத்துக் கூப்பிட்ட ஆளுக்காக நிறுத்தினார். அந்த ஆள் எங்களை வினோதமாகப் பார்த்துவிட்டு மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போய்விட்டான்.

டிப்போவில் இரண்டு சங்கம். இரண்டு பேரும் வந்து கேட்டார்கள், இரண்டிலும் சேர்ந்துவிட்டார். ஒரு சங்கம் வேலைநிறுத்தம் என்றது, இன்னொரு சங்கம் வண்டியை எடு என்றது. அவர் காலையில் ஒரு நடை வண்டி ஓட்டிவிட்டு, மத்தியானம் கேட்டில் கொடி பிடித்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் அவரைக் காய்ச்சி எடுத்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் அவர் சொன்னது ஒன்றுதான், "நீங்க சொல்றதும் நியாயந்தாங்க."

அந்தச் சமயத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

டிரைவர்களுக்கு உடம்புப் பரிசோதனை வந்தபோது அவருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது தெரிந்தது. நூற்றி எண்பதைத் தாண்டி நின்றது. டிப்போவுக்கு வருகிற டாக்டர் கறாரான ஆள். மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது, வண்டி கழுவுகிற இடத்துக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகப் பிடித்த ஸ்டீயரிங். அதை விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது.

தினமும் திண்டிவனத்திலிருந்து ஏறுகிற ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் முன் சீட்டிலேயே உட்காருவார். அவருக்கு விஷயம் தெரிந்ததும், மாத்திரை எல்லாம் ஆயுசுக்கும் விடாது, எங்கள் வைத்தியர் ஹக்கீமிடம் வாருங்கள், யுனானி மருந்தில் பதமாக இறங்கும் என்று விடாமல் சொல்ல ஆரம்பித்தார். நம்ம ஆள் மறுப்பாரா? அடுத்த நாளே திண்டிவனத்தில் வண்டி நிற்கிற இருபத்தைந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். துணைக்கு நானும் போனேன்.

பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் சின்ன இடம். அலமாரி முழுக்கப் பீங்கான் ஜாடிகள், ஒவ்வொன்றிலும் உருது எழுத்தில் சீட்டு. உள்ளே நுழைந்ததும் ரோஜாப்பூவும் ஏலக்காயும் கலந்த வாசனை. ஹக்கீம் ஒல்லியான பெரியவர். அவசரமே இல்லாதவர். மூன்று விரலை நாடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்கிறீர்கள், வண்டி கிளம்புகிற நேரம் ஆகிறதே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிறகு நாக்கைப் பார்த்தார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், கருவாடு, ஊறுகாய் எவ்வளவு சேர்ப்பார் என்று கேட்டார். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு மிஜாஜ், அதாவது சுபாவம் உண்டு, அதைப் பார்த்துத்தான் மருந்து என்றார்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "நீங்க யார் மேலயாச்சும் கோவப்பட்டு எவ்ளோ நாளாவுது?"

நம்ம ஆள் யோசித்தார். நிஜமாகவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். ஹக்கீம் தலையை ஆட்டிக்கொண்டு, அஸ்ரோல் என்றோ என்னவோ ஒரு வேரின் பேரைச் சொல்லி, அதன் பொடியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடிக்க ஆரம்பித்தார். காலையும் மாலையும் ஒவ்வொன்று. கூடவே ரோஜா வாசனை அடிக்கும் லேகியம் ஒரு டப்பா. உப்பைப் பாதியாக்கச் சொன்னார். மடித்துக்கொண்டே, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டை அப்போது அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. காக்கித் துணியில் அதன் விளிம்பு துருத்திக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

"இல்லீங்க" என்றார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஏன் அண்ணே மறைத்தீர்கள் என்று கேட்டால் அவர் சொன்ன பதில் இது. "அவ்ளோ நேரம் கண்ண மூடிகினு கையப் புடிச்சிப் பார்த்தாரு தம்பி. அவர் மூஞ்சிக்கு நேரா இங்கிலீஷ் மாத்திரை துன்றேன்னு எப்பிடிச் சொல்றது? மனசு நோவாதா?"

சரி, இவர் இப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் டிப்போ டாக்டர், நாட்டு மருந்து கீட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் அதே பதில்தான்.

ஒரு மாதத்தில் கொதிப்பு நன்றாக இறங்கியது. டாக்டர், பார்த்தாயா, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் இப்படித்தான் என்றார். ஹக்கீம் நாடி பிடித்துப் பார்த்து, அல்லாவின் கருணை என்றார். ஜவுளிக்கடைக்காரர் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் எங்கள் டிரைவரைச் சுட்டிக்காட்டி, ஹக்கீம் மருந்து எப்படி வேலை செய்கிறது பாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். இவர் எல்லோருக்கும் தலையாட்டினார். அவர் மூக்கு மட்டும் எந்நேரமும் அடைத்துக்கொண்டு, குரல் மாறிப்போயிருந்தது. பொடி சாப்பிட்டால் அப்படி அடைக்கும் என்று ஹக்கீமே சொல்லியிருந்தார்.

அப்புறம் ஒரு நாள் கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வண்டி மெதுவாக ஓரம் கட்டி நின்றது. யாரும் கை காட்டவில்லை. முன்னால் ஓடிப் பார்த்தால் அவர் ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கண் இருட்டிவிட்டதாம். இரண்டு மருந்தும் சேர்ந்து அளவுக்கு மேல் இறக்கிவிட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே அறுபது பேர். முகத்தைக் கழுவிக்கொண்டு, "டிப்போல சொல்லிடாத தம்பி" என்றார். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடுங்கிவிடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு அவரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். ஒரு நாள் மாத்திரை, ஒரு நாள் பொட்டலம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை பார் என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். ஹக்கீமிடம் பொட்டலத்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்க முடியாதே, அதனால் பாதிப் பொட்டலங்கள் மிஞ்ச ஆரம்பித்தன. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

இங்கே என் அக்காவைச் சொல்ல வேண்டும். விக்கிரவாண்டியில் ரோட்டோரம் டிபன் கடை வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு தனியாளாக நின்று, லாரிக்காரர்களை அதட்டி உருட்டி நடத்திய கடை. கல்லாவுக்கு மேல் மாதா படம், கீழே தோசைக்கல். அவள் கையால் மாவை இழுத்துவிடுகிற அழகைப் பார்க்கவே சிலர் அடுப்புப் பக்கம் உட்காருவார்கள். எங்கள் வண்டிக்கும் அங்கேதான் டீ. அவளுக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு. விழுப்புரத்து டாக்டர் கொடுத்த மாத்திரையை வருஷக்கணக்காகச் சலிப்போடு விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் டீ கொடுக்கும்போது அவள் பேசியதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரல் மூக்கடைத்து, அசல் எங்கள் டிரைவர் பேசுகிற மாதிரியே இருந்தது. என்னக்கா சாப்பிடுகிறாய் என்றேன். டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். டிரைவர் அண்ணனிடம் கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார், தங்கமான மனுஷன் என்றாள். மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். அவரிடம், இது மட்டும் போதுமா அண்ணே என்று கேட்டாளாம். போதும்மா என்றாராம்.

"மாத்திரையையும் போட்டுக்கக்கா" என்றேன்.

"ஏன்? அவரு போடறாரா?"

அந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அவள் கடையில்தான் டிப்போவின் பாதிப் பேர் டீ குடிப்பார்கள். அவளிடம் ஒன்றைச் சொன்னால் மத்தியானத்துக்குள் விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிடும். அவர் ஸ்டீயரிங் போய்விடும். அதெல்லாம் எனக்குத் தெரியாது, நீ போட்டுக்கொள் என்று முணுமுணுத்துவிட்டு வண்டியில் ஏறினேன். அவரிடம் அன்றைக்கே சண்டை போட்டேன். "ஆசையாக் கேட்டுச்சிப்பா" என்றார். அக்காவிடம் எடுத்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். எடுத்துச் சொல்லப் போன ஆள், அவள் ஊற்றிக் கொடுத்த இரண்டு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். காலை நடை. திண்டிவனத்திலிருந்து வருகிறோம். விக்கிரவாண்டியில் அக்கா கடை முன்னால் கூட்டம். நான் எட்டிப் பார்ப்பதற்குள் அவர் வண்டியை விட்டுக் குதித்துவிட்டார். அக்கா தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை துவண்டு தொங்கியது. தோசைக்கல்லில் ஒரு தோசை கருகிக்கொண்டிருந்தது. நாலு பேராகத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தோம்.

அன்று அவர் ஓட்டிய மாதிரி நான் பார்த்ததில்லை. ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. முண்டியம்பாக்கத்தில் இருபது பேர் கை காட்டினார்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரும்பு வண்டிகளைக் கடந்து மண்ணில் இறங்கி ஏறினார். பஸ் நிலையத்துக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே டாக்டர், மாத்திரையை எப்போது நிறுத்தினார்கள் என்று என்னைக் கேட்டார். எனக்குப் பின்னாலிருந்து, "ரெண்டு மாசம் பத்து நாளாவுதுங்க" என்று அவர் குரல் வந்தது. நாள் கணக்கு வைத்திருக்கிறார். அப்படியானால் அத்தனை நாளும் அதை நினைத்துக்கொண்டேதான் ஸ்டீயரிங் பிடித்திருக்கிறார்.

எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. மறுநாள் திண்டிவனத்துக்குப் போய் ஹக்கீமிடம் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. பொடியைக் கொடுத்து ஒரு பொம்பளையின் கையைப் பறித்துவிட்டீர்கள் என்று ஏதோ சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரைக்கும் காத்திருந்தார். உங்கள் அக்கா இங்கே வந்ததே இல்லையே, அவர் நாடியை நான் பார்த்ததே இல்லையே என்றார். நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"மாத்திரைய நிறுத்துன்னு நான் யாருக்குமே சொன்னதில்லே தம்பி. எங்க வீட்டம்மாவே அந்த மாத்திரைதான் சாப்பிடறாங்க. சாப்பிடறேன்னு அவரு சொல்லியிருந்தா, அது பாட்டுக்கு இருக்கட்டும்னு நான் என் மருந்தைக் குறைச்சிருப்பேன். கேட்டேனே?" என்றார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்களும் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தீங்க?"

திரும்பி எப்படி வண்டிக்கு வந்தேன் என்று தெரியாது. யாருடைய மனசு நோகக் கூடாது என்று அவர் அத்தனை பொய் சொன்னாரோ, உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த மனசு நொந்திருக்காது. அது தெரியாமலே இத்தனையும் நடந்திருக்கிறது. யாரைக் குற்றம் சொல்வது? பொடியையா, மாத்திரையையா, அவரையா, என்னையா?

அந்த வாரமே அவராகப் போய் டிப்போ டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். டாக்டர் தாம்தூம் என்று குதித்திருக்கிறார். ஸ்டீயரிங் போயிற்று. மறுநாளிலிருந்து கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டி கழுவினார். அப்படியென்றால் அவருக்குக் கொதிப்பு எதனால்தான் இறங்கியது என்று நான் டாக்டரிடம் கேட்டேன். யாருக்கய்யா தெரியும் என்று எரிந்து விழுந்தார்.

அக்காவை விழுப்புரத்தில் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். பேச்சு குழறலாகத் திரும்பியது. கால் மெல்ல ஊன்றினாள். கை மட்டும் அசையவில்லை. இனி அதை நம்ப வேண்டாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டார். நம்ம டிரைவரிடம் மட்டும் சொன்னேன், அவளிடம் சொல்லவில்லை. கடையை எப்போது திறப்பது என்று அவள் தினமும் கேட்டாள். பூட்டிக் கிடக்கிற கடைக்கு லாரிக்காரர்கள் வந்து திரும்புவார்களே என்று கவலைப்பட்டாள்.

அவளைப் பார்க்க வர வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன், "இனிமே எங்க அக்காகிட்ட பொய் மட்டும் சொல்லாதண்ணே." சரி தம்பி என்றார். சரி என்பதைத் தவிர அவர் வேறு என்ன சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா அவரைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்து எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நேரம் அவர் மனைவியைப் பற்றி விசாரித்தாள். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இது... வருமாண்ணே?"

அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "வரும்க்கா. டாக்டரே சொன்னாரு" என்றேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீ சும்மா இருடா. அவரு சொல்லட்டும்."

அவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினேன். சொல்லுங்கள், வரும் என்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் பிடித்ததைச் சொன்ன மனுஷன்தானே.

அவர் குனிந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"வராதும்மா" என்றார்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய முதுகு குலுங்கியது. அப்போது எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் பின்னும் யார்மேலும் வந்ததில்லை. அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல் இருந்தது. ஒரே ஒரு பொய், ஒன்றே ஒன்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று.